மொத்தம் எவ்வளவு என்று கேட்காதீர்கள்: எல்லையோரத்து ஜெராக்ஸ் கடைக்காரியின் கணக்கு

கேரளாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்பது பேருக்குத்தான். மே, ஜூன் இரண்டு மாதமும் கல்லூரி விண்ணப்பம்தான் வேலை. கடைக்கு முன்னால் நின்றால் ஒரு பக்கம் பாலக்காட்டு பஸ், எதிர்ப்பக்கம் கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சி பஸ். அதே மாதிரிதான் விண்ணப்பமும். பாதி சென்னைக்கு, பாதி திருவனந்தபுரத்துக்கும் கோழிக்கோட்டுக்கும். சித்தூர் தாலுகாவில் வீட்டுக்குள் தமிழ் பேசுகிற குடும்பங்கள் நிறைய. ஒரே வீட்டில் அக்கா கேரளா சிலபஸ், தம்பி தமிழ்நாடு சிலபஸ் என்று இருக்கும்.

வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி. "அக்கா, மொத்தம் இவ்வளவு. என்ன கிடைக்கும்?"

இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. மொத்த மார்க்கைப் பெரும்பாலான அட்மிஷன்களில் அப்படியே எடுப்பதில்லை, ஒவ்வொரு கோர்ஸும் மார்க் லிஸ்டில் தனக்கு வேண்டியதை மட்டும் பிய்த்துக்கொள்ளும். அதனால் யாராவது வந்தால் வீணாய்ப்போன ஜெராக்ஸ் தாளைத் திருப்பிப் போட்டுக் கணக்கு எழுதிக் காட்டுவேன். இங்கேயும் அதைத்தான் செய்யப்போகிறேன்.

போன வருஷம் ஒரு பெண் அம்மாவோடு வந்தாள். தமிழ்நாடு பிளஸ் டூ, 600க்கு 558. அம்மா முகமெல்லாம் பூரிப்பு. அவர்களுக்குப் பின்னால் நின்ற பையன் 526. தலையைக் குனிந்துகொண்டு நின்றான். இரண்டு பேருக்கும் பொறியியல்தான் வேண்டுமாம்.

தமிழ்நாட்டில் பொறியியலுக்கு 2007லிருந்து நுழைவுத் தேர்வு கிடையாது. (நான் பிளஸ் டூ முடித்த 1996ல் இருந்தது. அந்தக் கதை வேண்டாம்.) பிளஸ் டூ மார்க்கை வைத்து 200க்குக் கட் ஆஃப் போடுவார்கள். கணக்கை அப்படியே எடுக்க வேண்டும், இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி.

அந்தப் பெண்ணுக்குக் கணக்கு 82, இயற்பியல் 90, வேதியியல் 92. ஆக 82, 45, 46. கூட்டினால் 173. பையனுக்குக் கணக்கு 98, இயற்பியல் 90, வேதியியல் 88. ஆக 98, 45, 44. கூட்டினால் 187. மொத்தத்தில் 32 மார்க் பின்னால் இருந்தவன் கட் ஆஃபில் 14 முன்னால்! அவளுடைய தமிழ் 98ம் ஆங்கிலம் 97ம் உயிரியல் 99ம் பொறியியல் கணக்கில் சல்லிக்காசு பெறவில்லை.

அந்த அம்மாவுக்கு முகம் தொங்கிவிட்டது. "ஏன் கண்ணு, அப்போ இத்தனை மார்க் எடுத்தும் வேஸ்ட்டா?" என்று மகளைக் கேட்டார். வேஸ்ட் இல்லை. அதே தாளில் கீழே எழுதிக் காட்டினேன். கால்நடை மருத்துவத்துக்கு உயிரியல் முழுசாக, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி: 99, 45, 46. 190 வருகிறது. வேளாண்மைக்கு நாலு பாடமும் பாதிப் பாதி: 41, 45, 46, 49.5. ஆக 181.5. அரசு கலைக்கல்லூரியில் பி.எஸ்ஸி. என்றால் மொழிப்பாடம் இரண்டையும் தள்ளிவிட்டு நாலு பாடமும் 400க்கு: 363. அதே அரசு கல்லூரியில் பி.ஏ. தமிழ் கேட்டால் தமிழ் மார்க்கை மட்டும் பார்ப்பார்கள். 98. ஒரே மார்க் லிஸ்ட்டில் ஐந்து விலை. அவள் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டு இருந்தாள். "வெட்னரின்னா மாட்டு டாக்டருங்களா?" என்று கேட்டாள். வீட்டில் நாலு மாடு இருக்கிறதாம்.

பிளஸ் டூ படித்துக்கொண்டு இருக்கிறவர்களுக்கு இதிலிருந்து ஒன்று. பொறியியல்தான் என்று முடிவு செய்துவிட்டால், கணக்கில் ஒரு மார்க் இயற்பியலில் இரண்டு மார்க்குக்குச் சமம். கணக்கில் எட்டு ஏற்றினால் கட் ஆஃபில் எட்டு ஏறும். அதே எட்டை இயற்பியலில் எடுக்க பதினாறு மார்க் வேண்டும். இரண்டு பேர் ஒரே கட் ஆஃபில் வந்து நின்றாலும் முதலில் கணக்கைத்தான் பார்ப்பார்கள், அதற்கு அப்புறம் இயற்பியல். டியூஷனுக்குக் காசு ஒரு பாடத்துக்குத்தான் இருக்கிறது என்றால் எந்தப் பாடம் என்று யோசிக்கவே வேண்டாம்.

கட் ஆஃப் தெரிந்தால் மட்டும் போதாது. தமிழ்நாட்டில் 69 சதவீத இடம் ஒதுக்கீடு. பி.சி.க்கு 26.5, பி.சி. முஸ்லிமுக்கு 3.5, எம்.பி.சி.க்கு 20, எஸ்.சி.க்கு 15, அருந்ததியருக்கு 3, எஸ்.டி.க்கு 1. மீதி 31 பொதுப்பிரிவு, அதில் எல்லாரும் போட்டி போடலாம். போன வருஷம் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்தச் சாதிப் பட்டியலுக்கு எந்தக் கட் ஆஃபில் முடிந்தது என்பது கவுன்சலிங் இணையதளத்திலேயே இருக்கிறது. அதை எடுத்து, உங்கள் பட்டியல் கட்டத்தை மட்டும் பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டு வாருங்கள். ஊரில் ஒருத்தர் "187க்கு பி.எஸ்.ஜி. கிடைக்காது" என்று சொல்வதையும் இன்னொருத்தர் "கிடைக்கும்" என்று சொல்வதையும் கேட்டு நேரத்தைக் கழிக்காதீர்கள். இரண்டு பேரும் வேறு வேறு பட்டியலைப் பற்றிப் பேசிக்கொண்டு இருப்பார்கள்.

கவுன்சலிங்கில் சாய்ஸ் போடும்போது, அதாவது வேண்டிய கல்லூரிகளை வரிசைப்படுத்தும்போது, பயந்து போடக் கூடாது. உங்கள் மார்க்குக்கு இரண்டு, மூன்று மேலே முடிந்த கல்லூரியாக இருந்தாலும், மனசுக்குப் பிடித்தது என்றால் அதையே முதலில் வையுங்கள். அது கிடைக்காவிட்டால் அடுத்ததற்குப் போகுமே தவிர, ஆசைப்பட்டதற்குத் தண்டனை கிடையாது. கடைசியில் கண்டிப்பாகக் கிடைக்கும் என்கிற நாலைந்தைப் போட மறக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஃபுல் ஏ பிளஸ்

இனி நம்ம கேரளா பக்கத்துக்கு வருகிறேன். எஸ்.எஸ்.எல்.சி., அதாவது பத்தாவது ரிசல்ட் வந்த மறுநாளே கவலைக்கு கவலை ஃபிளெக்ஸ் கட்டுவார்கள். (மலையாளத்தில் கவல என்றால் முச்சந்தி. தமிழில் கவலை என்று படித்தாலும் தப்பில்லை.) எல்லாப் பிள்ளைகளுக்கும் கீழே ஃபுல் ஏ பிளஸ், அதாவது எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏ பிளஸ் என்றால் 90லிருந்து 100 வரை. 90 எடுத்தவளும் 100 எடுத்தவளும் ஒரே ஃபிளெக்ஸில் ஒரே அளவு படத்தில் சிரிப்பார்கள். பிளஸ் ஒன் அலாட்மென்ட்டுக்கு அந்த கிரேடுதான் கணக்கு, அதனால் அந்தச் சிரிப்பு அதுவரைக்கும் செல்லும். பிளஸ் டூவுக்கு அப்புறம் கல்லூரிக்காரர்கள் கிரேடைப் பார்ப்பதில்லை, மார்க்கைத்தான் பார்ப்பார்கள். மூன்று பாடத்தில் 90, 91, 90 எடுத்த ஃபுல் ஏ பிளஸும், 99, 100, 98 எடுத்த ஃபுல் ஏ பிளஸும் அங்கே ஒன்றில்லை. "ஃபுல் ஏ பிளஸ்ஸுக்கே சீட் இல்லையா?" என்று என் கடையில் அழுத அப்பாக்கள் உண்டு. அவர்களுக்கு நான் டீ வாங்கிக் கொடுப்பேன், வேறு என்ன செய்ய.

இன்னொன்று. கேரளாவில் பிளஸ் ஒன் மார்க்கும் சேரும். ஒவ்வொரு பாடமும் இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து 200, ஆறு பாடத்துக்கு 1200. தமிழ்நாட்டில் பிளஸ் டூ மட்டும் 600. தமிழ்நாட்டுக்காரப் பெரியப்பா மகன் "லெவன்த்ல ஜாலியா இருடா, டுவெல்த்துல பாத்துக்கலாம்" என்று போனில் சொல்வான். அவனுக்கு அது சரி. இங்கே படிக்கிற நீ அதைக் கேட்டால் பாதி மார்க்கை முதல் வருஷமே தொலைத்துவிட்டு நிற்பாய். தொலைத்தவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பிளஸ் ஒன்னில் மூன்று பாடம் வரை இம்ப்ரூவ்மென்ட், அதாவது மார்க்கை ஏற்ற மறுதேர்வு, எழுதலாம். வெட்கப்படாமல் எழுதுங்கள். பொறியியலுக்குப் போகிறவர்கள் கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரிக்கு எழுதுங்கள், ஆங்கிலத்துக்கு எழுதி அதை வீணாக்காதீர்கள்.

கேரளாவில் பொறியியலுக்கு கீம் என்ட்ரன்ஸ் உண்டு. ரேங்க் 600க்கு: என்ட்ரன்ஸ் 300, பிளஸ் டூ கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி 300. சரிபாதி. அந்தப் பிளஸ் டூ பாதியை வேறு வேறு போர்டுகளுக்கு நடுவே எப்படிச் சமன் செய்வது என்பதில்தான் சண்டை. 2025 ஜூலையில் புது ஃபார்முலாவில் ரேங்க் லிஸ்ட் வந்தது, உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, பழைய ஃபார்முலாவில் மறுபடி வந்தது. அந்த வாரம் என் கடையில் ஒரே பையனுக்கு இரண்டு ரேங்க் பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். முதலில் எடுத்ததற்கு லட்டு கொடுத்தார்கள். அதனால் எந்த வருஷம் எழுதுகிறீர்களோ, அந்த வருஷத்து விவரக் கையேட்டை நீங்களே படியுங்கள். சொந்தக்காரப் பையன் ரெண்டு வருஷத்துக்கு முன்னால் எழுதினதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

கீமுக்கு விண்ணப்பம் பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு அப்புறம் என்று நினைத்துக்கொண்டு இருக்கிறவர்கள் அதிகம். ரிசல்ட் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே மூடிவிடுவார்கள். ஜனவரியிலிருந்தே கண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

மார்க் வாசல் வரைக்கும்தான்

எம்.பி.பி.எஸ். என்றால் நீட் மட்டும்தான். 720க்கு எவ்வளவு என்பதுதான் ரேங்க். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியலில் பொதுப்பிரிவுக்கு 50 சதவீதம், ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 40 இருந்தால் போதும். 595 எடுத்தாலும் 450 எடுத்தாலும் உள்ளே விடுவதற்கு ஒன்றுதான். ஐ.ஐ.டி., என்.ஐ.டி.க்கு ஜே.இ.இ. என்ட்ரன்ஸ். அங்கே பிளஸ் டூவில் 75 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி.க்கு 65, இல்லையென்றால் தன் போர்டில் முதல் 20 பர்சன்டைலுக்குள். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022லிருந்து க்யூட் (CUET) என்கிற பொது என்ட்ரன்ஸ். இந்த மூன்றிலும் பிளஸ் டூ மார்க் வாசலில் காட்டுகிற டிக்கெட்தான், உள்ளே எந்த சீட் என்பதை அது சொல்லாது.

கஞ்சிக்கோட்டில் ஐ.ஐ.டி. வந்ததிலிருந்து "நம்ம ஊரு ஐ.ஐ.டி., நமக்கு ஏதாச்சும் சலுகை இருக்குமில்லீங்களா" என்று கேட்கிறவர்கள் உண்டு. இல்லை. பக்கத்தில் இருப்பதால் பஸ் காசு மிச்சம். என்.ஐ.டி. அப்படியில்லை. அதில் பாதி இடம் அந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு. எந்த மாநிலம் என்பதைப் பிறந்த ஊரையோ ரேஷன் கார்டையோ வைத்துப் பார்ப்பதில்லை, பிளஸ் டூ எங்கே தேறினாய் என்றுதான் பார்ப்பார்கள். கொழிஞ்சாம்பாறையில் எழுதினால் கோழிக்கோடு என்.ஐ.டி. உனக்குச் சொந்த மாநிலம். பஸ் ஏறிப் பொள்ளாச்சியில் எழுதினால் திருச்சி. எல்லையில் இருக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம், ஆனால் பத்தாவது முடித்ததும் பள்ளிக்கூடம் மாற்றும்போது இதை யோசித்த ஒரு குடும்பத்தைக்கூட நான் பார்த்ததில்லை. பஸ் வசதியைத்தான் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான்.

எனக்கு நடந்தது

பொள்ளாச்சிப் பக்கம் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள் நான். மூத்தவளை ஏழாவது வரைக்கும் இங்கேயே தமிழ் மீடியம் அரசுப் பள்ளியில் படிக்க வைத்தோம். எட்டாவதிலிருந்து அம்மா வீட்டில் விட்டு, அங்கே அரசுப் பள்ளி. 2022ல் பிளஸ் டூ. கணக்கு 90, இயற்பியல் 87, வேதியியல் 86. கட் ஆஃப் 176.5. அப்போதுதான் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு வந்திருந்தது. மருத்துவத்துக்கு 2020ல், பொறியியல், வேளாண்மை, சட்டம் மாதிரிப் படிப்புகளுக்கு 2021ல். அந்த இடத்தில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், ஹாஸ்டல் எல்லாம் அரசாங்கமே கட்டும். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம்தான் விதியைப் படித்தேன். ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஆறும் ஏழும் இவள் இங்கே படித்தாள். அரசுப் பள்ளிதான், தமிழ் மீடியம்தான், ஆனால் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம். இரண்டு வருஷம்! அதற்கு மேல் சாதிச் சான்று. கேரளாவில் வாங்கினது அங்கே செல்லுமா என்று ஒரு அலுவலகத்தில் போய்க் கேட்டேன். நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமலே "செல்லும்மா, போ" என்றார்கள். சரிபார்ப்பில் செல்லாது என்றார்கள். எட்டாவதிலிருந்து அங்கே படித்ததால் கவுன்சலிங்கில் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் பொதுப்பிரிவில். மகள் எடுத்த 176.5 அப்படியேதான் இருந்தது. அது நின்ற வரிசைதான் மாறிப்போனது. கீமுக்கும் போடவில்லை, தேதி போயிருந்தது. சித்தூர் அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் சேர்ந்தாள். கோழிக்கோடு பல்கலைக்கழக அலாட்மென்ட், பிளஸ் டூ மார்க்கை வைத்து, இரண்டாவது லிஸ்ட்டில். நன்றாகத்தான் படித்தாள். ஆனால் அந்த நாற்காலிக்காரரை நான் இன்னும் மறக்கவில்லை.

அதனால் இப்போது யார் வந்தாலும் மார்க் லிஸ்ட்டுக்கு முன்னால் மூன்று கேள்வி கேட்பேன். ஆறிலிருந்து பன்னிரண்டு எங்கே? அப்பாவுக்கு இருப்பிடச் சான்று எந்த மாநிலம்? சாதிச் சான்று யார் கொடுத்தது, இங்கே வில்லேஜ் ஆபீஸா, அங்கே தாசில்தாரா? தமிழ்நாட்டு ரேஷன் கார்டு வைத்துக்கொண்டு இங்கே குடியிருக்கிற குடும்பமாக இருந்து, பிள்ளை இங்கே படித்திருந்தால், அங்கே கவுன்சலிங்குக்கு இருப்பிடச் சான்று கண்டிப்பாக வேண்டும். அதை ரிசல்ட் வந்த பிறகு எழுதிப்போட்டு வாங்க முடியாது என்றில்லை, ஆனால் அதற்குள் உங்களுக்கு ரத்தக் கொதிப்பு வந்துவிடும். ஏப்ரலிலேயே போட்டுவிடுங்கள்.

நான் செய்த தப்பு ஒன்றும் சொல்லிவிடுகிறேன், மறைக்கவில்லை. தமிழ்நாட்டுக் கவுன்சலிங் விண்ணப்பத்தில் அங்கத்து போர்டு பிள்ளைகளுக்கு மார்க் தானாக வந்து விழும். வேறு போர்டு என்றால் நாம்தான் டைப் அடிக்க வேண்டும். கேரளா பிளஸ் டூ படித்த ஒரு பையனுக்கு, இரண்டாம் வருஷ மார்க்கை மட்டும் அடித்துவிட்டேன். 200க்கு அடிக்க வேண்டியது. அவனுக்கு முதல் வருஷம்தான் நன்றாக இருந்தது. சரிபார்ப்பில் பிடித்துத் திருத்தினார்கள், பிழைத்தோம். அன்றைக்கு அவனிடம் காசு வாங்கவில்லை. இப்போது அடித்து முடித்ததும் பிள்ளையை என் ஸ்டூலில் உட்கார வைத்து, அவனே ஒருமுறை வாய்விட்டுப் படிக்க வேண்டும், அப்புறம்தான் சப்மிட்.

மார்க் குறைந்துபோனவர்களுக்குச் சுருக்கமாக. தமிழ்நாட்டில் முதலில் விடைத்தாள் நகல் வாங்குங்கள், பார்த்துவிட்டு அப்புறம் மறுகூட்டலா மறுமதிப்பீடா என்று முடிவு செய்யுங்கள். கண்ணை மூடிக்கொண்டு மறுமதிப்பீட்டுக்குப் போடாதீர்கள், குறையவும் குறையும். பத்தாவது மார்க் பாலிடெக்னிக்குக்கு உதவும், டிப்ளமோ முடித்து நேராகப் பொறியியல் இரண்டாம் வருஷத்தில் சேரலாம். எங்கள் தெருவில் அப்படிப் போன பையன் இப்போது கோயமுத்தூரில் பம்ப் கம்பெனியில் இருக்கிறான்.

கடைக்கு வரும்போது கொண்டுவர வேண்டியதில் பெரிய தலைவலி பேர்தான். தமிழ்நாட்டில் இனிஷியல் முன்னால், இங்கே பின்னால். ஆதாரில் ஒரு மாதிரி, மார்க் லிஸ்ட்டில் ஒரு மாதிரி, சாதிச் சான்றில் அப்பா பேர் முழுசாக. மூன்றையும் மேஜையில் பரப்பி வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். மார்க் லிஸ்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே விண்ணப்பத்தில் போட வேண்டும்.

போன் நம்பர் கொடுக்கும்போது கடைசி வரைக்கும் கையில் இருக்கிற நம்பராகக் கொடுங்கள், ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். அப்பா நம்பர் என்றால், விண்ணப்பம் போடுகிற அன்றைக்கு அவர் தென்னை மரம் ஏறக் கூடாது. போன ஜூனில் ஒருத்தர் கள்ளு இறக்க ஏறிவிட்டார், போன் கீழே சட்டைப் பையில். நானும் பிள்ளையும் இங்கே கடையில், அங்கே மரத்தடியில் அவர் சம்சாரம் நின்று "ஏனுங்க, நம்பர் வந்திருக்கு, எறங்குங்க" என்று கத்த, அவர் இறங்கி வந்து படிப்பதற்குள் ஓ.டி.பி. செத்துப்போய் மூன்று தடவை புதுசாக அனுப்பினோம்.